கள்ளப் பக்கெற்றைக் கண்டவுடன நாங்கள் விடுற பிழையள்

முள்ளியவளையில இருந்து ஒரு அக்கா வட்ஸ்அப்பில படம் போட்டு "தம்பி உங்கட மிளகாய்த்தூள்ல கல்லுக் கடிக்குது" எண்டா. பெருப்பிச்சுப் பாக்கேக்கதான் விளங்கினது, பக்கெற் எங்கட இல்லை. எங்கட பேர், எங்கட நிறம், பின்னால எங்கட போன் நம்பர்கூட அப்பிடியே கிடக்கு, அதாலதான் ஏச்சு எங்களுக்கு வந்தது. எங்கடயில காலாவதித் திகதி மையால குத்துறது, கொஞ்சம் சரிஞ்சுதான் நிக்கும், அரைக்கிற நாளுக்கேத்த மாதிரி மாறும். அதில லேபலோட சேத்தே அச்சடிச்சுக் கிடந்தது. எங்கட ஏதோ ஒரு பக்கெற்றை ஸ்கான் பண்ணித் திகதியையும் சேத்து அடிச்சிருக்கிறாங்கள்.

அப்ப நான் செய்ததுதான் முதல் பிழை. நேர கடைக்குப் போய்க் கத்தினன், கத்தினது காணாதெண்டு பேஸ்புக்கிலயும் போட்டன். அடுத்தநாள் விடிய அந்தக் கடையில ஒரு பக்கெற்கூட இல்லை, அக்காவிட்டக் கேட்டா அவ மிச்சத் தூளைக் கொட்டிப்போட்டா, என்ர கையில இருந்தது போனில ஒரு படம் மட்டும். படத்தை வச்சு கோட்ஸில என்னத்தைக் காட்டுறது? கடையின்ர பேர் சொல்லிப் போட்டு அது பிழையாப் போனா கடைக்காரர் திருப்பி எங்களில மானநட்ட வழக்கும் போடலாம்.

கள்ளப் பக்கெற்றைக் கண்டா சத்தம் போடாமல் வாங்குங்கோ. நீங்கள் போகாதேங்கோ, உங்கட முகம் கடைக்காரருக்குத் தெரியும், வேற ஆளை விட்டு பில்லோட வாங்குவியுங்கோ. ஒரு கடையில இல்லை, ரெண்டு மூண்டு கடையில. உடைக்காமல் அப்பிடியே வையுங்கோ, ஆர் வாங்கினது எந்தக் கடை எத்தினை மணி எண்டு அண்டைக்கே எழுதி வாங்கின ஆளிட்டக் கையெழுத்தும் வாங்குங்கோ. சனம் ஏசி அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காமல் வையுங்கோ. கேக்க எரிச்சலா இருக்கும், ஆனா பேரைப் பாத்துச் சனம் குழம்புது எண்டதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கடைக்காரரைக் கள்ளன் எண்டு நினைக்கிறதும் பிழை. கனபேருக்குத் தெரியாது, ஆரோ ஒருத்தன் வான் வண்டியில வந்து விலை குறைச்சுக் குடுத்திருப்பான், இவை வாங்கியிருப்பினம். ஆர் கொண்டு வாறது எண்டு தன்மையாக் கேட்டா அரைவாசி விசாரணை அங்கயே முடிஞ்சிடும்.

எங்கட பக்கம் கனபேர் விடுறது இன்னொண்டு. டி.எஸ் ஒஃபிசில (பிரதேச செயலகத்தில) பிஸ்னஸ் பேரைப் பதிஞ்ச துண்டை பிரேம் போட்டு மாட்டிக்கொண்டு "என்ர பேர் ரிஜிஸ்ரர்" எண்டுவினம். அது வியாபாரப் பேர் பதிவு, ட்ரேட் மார்க், அதாவது பொருளில போடுற பேருக்கும் அடையாளத்துக்கும் எடுக்கிற உரிமை, வேற, அது கொழும்பில தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி பதியிறது. ஒருக்காப் பதிஞ்சா 10 வருசம், பேந்து புதுப்பிக்கலாம். பொருளுகளை வகுப்பு வகுப்பாப் பிரிச்சுத்தான் பதியிறது, எந்த வகுப்பில பதிஞ்சதெண்டும் பாக்கவேணும், மிளகாய்த்தூள் 30ஆம் வகுப்பு, நல்லெண்ணெய் 29, ஒண்டில பதிஞ்சுபோட்டு மற்றதுக்கும் சேத்துத்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கப்படாது. பதியாத ஆளுக்கு வழியே இல்லை எண்டும் இல்லை, அதே சட்டத்தில 160ஆம் பிரிவு நியாயமில்லாத போட்டியைப் பற்றிச் சொல்லுது, ஆனா சனம் உங்களை அந்தப் பேரால அறியும் எண்டதை நீங்கள்தான் நிரூபிக்கோணும், அது லேசில்லை. பதிவு ஆற்ற பேரில எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ. அண்ணை கனடாவில இருந்து காசு அனுப்பினவர் எண்டு அவற்ற பேரில பதிஞ்சிருந்தா வழக்குக்கு அவற்ற கையெழுத்தும் தேவைப்படும்.

"வன்னித் தேன்" எண்டு போட்டவனையெல்லாம் விரட்டவும் வெளிக்கிடாதேங்கோ. இடத்தின்ர பேரும் பொருளின்ர பேரும் ஒருத்தற்ற சொத்தில்லை. உங்கட தனிப்பேர், உங்கட படம், அதைப் பிடியுங்கோ.

மெசின் செய்யிற ஆக்களுக்கு இது வேற கதை. கச்சான் உடைக்கிற மெசின் ஒண்டு செய்து பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமை) எடுத்து வச்சிருக்கிறியள், பக்கத்து ஊர் வேர்க்‌ஷொப்பில அதே மாதிரி ஒண்டு நிக்குது எண்டு வையுங்கோ. பெயின்ரும் வெளிக்கூடும் ஒண்டுபோல இருக்கெண்டு துள்ளுறது பிழை, பெயின்ற் வேற எண்டு விடுறதும் பிழை. பேட்டன்ட் பத்திரத்தில உரிமைக் கோரிக்கை எண்டு ஒரு பகுதி இருக்கும், உங்கட உரிமை எதுவரைக்கும் எண்டதுக்கு அதுதான் வேலி. அதில எழுதின ஒவ்வொரு அங்கமும் அவன்ர மெசினுக்க இருக்கோ எண்டு கழட்டித்தான் பாக்கவேணும், வாங்கின கமக்காரர் ஒருத்தரைப் பிடிச்சா சுகம். பேட்டன்ட் 20 வருசம்தான், அது முடிஞ்சிருந்தா பேசிப் பிரியோசனம் இல்லை. பேட்டன்ட் எடுக்காமலே கண்காட்சியில வச்சுக் காட்டின ஆக்கள் கெதியா ஓடுங்கோ, நீங்களே காட்டினதெண்டா விண்ணப்பிக்க ஒரு வருசம்தான் அவகாசம்.

இலங்கைப் பதிவு இலங்கைக்குத்தான், ரொறன்ரோக் கடையில உங்கட பேரைக் கண்டா இஞ்சத்தைத் துண்டு அங்க செல்லாது.

எங்கட கதைக்கு வாறன், ரெண்டாந்தரம் கள்ளப் பக்கெற்றை மாங்குளத்தில கண்டம். மச்சாளின்ர மகனை அனுப்பி மூண்டு கடையில மூண்டு பக்கெற், மூண்டு பில், மூண்டிலயும் ஒரே திகதி. உடைக்காமல் லோயரிட்டக் குடுத்தாச்சு, கடிதமும் போட்டாச்சு, பதில் இன்னும் வரேல்லை.