அம்மப்பாவின் சேவைப் பதிவில் விடுபட்டிருந்த பதக்கம்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு வீசியபோது, என் அம்மப்பா இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையில் பணியில் இருந்தார். 1943இல் அப்படை பிரித்தானிய அரச கடற்படையின் கீழ் இலங்கை அரச கடற்படைத் தொண்டர் சேமப் படையானது. யுத்தம் முடியும்வரை பணியாற்றியும் அவருடைய பதிவில் 1939–1945 யுத்தப் பதக்கம் குறிக்கப்படவில்லை. அதற்கு 28 நாள் முழுநேரச் சேவையே போதுமானது என்பதால், அந்த வெற்றிடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பதிவைத் திருத்திப் பதக்கம் தரும்படி கேட்ட முதல் விண்ணப்பத்துக்கு, அப்பெயரில் எவரும் இல்லை என்று பதில் வந்தது. அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் இருந்த சேவைச் சான்றிதழை, மடிப்பில் கிழிந்துவிடாமல் கண்ணாடியின் கீழ் விரித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: எழுதுவினைஞர் அம்மப்பாவின் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, அவருடைய சொந்தப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கியிருந்தார். நம்மவர் பலரின் பதிவுகள் இப்படித்தான் மறைந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

இரு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் அம்மா சத்தியக்கடதாசி முடித்தார். அதனுடன் பிறப்பு, இறப்பு அத்தாட்சிப்பத்திரங்களின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புகளையும், சேவை இலக்கம் தெளிவாகத் தெரியும் பிரதியையும் இணைத்து, அந்த இலக்கத்தைக் கொண்டே தேடும்படி கேட்டு மீண்டும் அனுப்பினோம். பெயர் எப்படித் திரிந்தாலும் இலக்கம் திரிவதில்லை.

பதிவு திருத்தப்பட்டுப் பதக்கமும் வந்தது. அதன் விளிம்பில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. எனவே திருத்திய பதிவின் பிரதியை அதே உறையில் வைத்திருக்கிறோம்.