பைக்குக்கு ஜிபிஎஸ் எப்படிப் பாத்து வாங்குறது? மதுரைப் பக்கம் ஓட்டுறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

கடையில போயி "அண்ணே, பைக்குக்கு ஜிபிஎஸ் இருக்கா"னு கேட்டீங்கன்னா நெறைய எடத்துல எடுத்துக் காட்டுறது ட்ராக்கரு. அது சிம் கார்டு போட்டு சீட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறது, வண்டி திருட்டுப் போனா எங்க நிக்குதுன்னு போன்ல பாக்கலாம், அம்புட்டுத்தான். அது வழி சொல்லாது. நமக்கு வேண்டியது ஹேண்டில்பார்ல மாட்டி வழி பாக்குற நேவிகேஷன். அதனால கேக்கும்போதே "வழி பாக்குற ஜிபிஎஸ்"னு தெளிவா கேளுங்க.

ஸ்டெப் 1: நீங்க எங்க ஓட்டுறீங்கன்னு எழுதி வச்சுக்கங்க

பிராண்டு, விலை எல்லாம் அப்புறம். வேலை விஷயமா தெனமும் சிம்மக்கல், காளவாசல், கே.கே. நகர்னு சுத்துறவருக்கு வேண்டியது வேற, மாசத்துக்கு ஒரு தடவை போடிமெட்டு ஏறி மூணாறு போறவருக்கு வேண்டியது வேற. ஊருக்குள்ள டிராபிக்கும் ஒன்வேயும் தெரியணும், அதுக்கு நெட்டு வேணும். சின்னமனூர்ல இருந்து மேகமலை ஏறுனா நெறைய எடத்துல டவரே கிடைக்காது, அங்க நெட்டு இல்லாம ஓடுற மேப்பு வேணும். இந்த ஒரு விஷயத்தை முடிவு பண்ணிட்டாலே பாதி வேலை முடிஞ்சிருச்சு.

இதுல புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புற எடம் ஒண்ணு இருக்கு. டவர் போனா ஜிபிஎஸ்ஸும் போயிரும்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்ல இருந்து நேரா வருது, குறைஞ்சது 4 சாட்டிலைட் தெரிஞ்சா நீங்க நிக்கிற எடத்தைக் கணக்குப் போட்டுரும், அதுக்கு சிம்மும் வேணாம் ரீசார்ஜும் வேணாம். டவர் போனா காணாமப் போறது மேப்பு படம் மட்டுந்தான், நீல புள்ளி வெள்ளைத் திரையில தனியா நிக்கும். மேப்பை முன்னாடியே எறக்கி வச்சுட்டா அந்தப் பிரச்சனையே கிடையாது.

ஸ்டெப் 2: நாலு வகை இருக்கு, உங்களுக்கு எதுன்னு பாருங்க

மொத வகை, கையில இருக்குற போனையே ஹோல்டர்ல மாட்டுறது. ரெண்டாவது, வண்டியிலயே வர்ற டிஸ்ப்ளே. டிவிஎஸ் என்டார்க்ல 2018லயே வந்துச்சு, ராயல் என்ஃபீல்டு மீட்டியார்ல 2020ல ட்ரிப்பர்னு ஒரு குட்டி வட்டத் திரை வந்துச்சு, 2023ல வந்த ஹிமாலயன் 450ல முழு கூகுள் மேப்பே தெரியும். மூணாவது, ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே (போன்ல இருக்குற மேப்பை வேற திரையில காட்டுற வசதி) காட்டுற தனி ஸ்கிரீன், 5 இன்ச் 6 இன்ச்ல வருது. நாலாவது தனி ஜிபிஎஸ் யூனிட், கார்மின் சூமோ மாதிரி.

இதுல கவனிக்க வேண்டியது, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் மூளை உங்க போன்தான். போன் சார்ஜ் எறங்குனா, சூடாகி நின்னா, அந்தத் திரையும் சும்மா கண்ணாடிதான். நாலாவது மட்டுந்தான் போன் இல்லாமலே தனியா ஓடும், ஆனா அதுக்கு ஒரு நல்ல போன் வாங்குற காசுக்கு மேலயே ஆகும்.

என்னோட அபிப்பிராயம், ஊருக்குள்ளயும் பக்கத்து ஊருக்கும் மட்டும் ஓட்டுறவங்களுக்கு போனும் நல்ல ஹோல்டருமே போதும். வாரா வாரம் ஹைவேயில ஓட்டுறவங்க, போனை வெயில்லயும் மழையிலயும் வைக்க மனசில்லாதவங்க மூணாவது வகைக்குப் போங்க, போன் பத்திரமா பாக்கெட்லயே இருக்கும். மலை, காடு, வெளி மாநிலம்னு நாள் கணக்குல சுத்துறவங்களுக்கு மட்டுந்தான் நாலாவது. அதுல ஒண்ணு, வெளிநாட்டுல இருந்து மச்சானை வாங்கிட்டு வரச் சொல்றவங்க பெட்டியில எந்த நாட்டு மேப்புன்னு பாக்கச் சொல்லுங்க, அமெரிக்காவுக்கு வித்த யூனிட்ல அமெரிக்கா மேப்புதான் இருக்கும், இந்தியா மேப்பு போட முடியுமா, அதுக்குத் தனியா காசான்னு கேட்டுட்டு அப்புறம் காசைக் குடுங்க.

ஸ்டெப் 3: மேப்பு

கூகுள் மேப்ல பைக்குக்குன்னு தனி மோடு இருக்கு, 2017 டிசம்பர்ல இந்தியாவுலதான் மொத மொத விட்டாங்க. கார் நுழையாத சந்தெல்லாம் காட்டும், அது நல்லதுதான். ஆனா மாசி வீதி, ஆவணி மூல வீதி பக்கம் எந்த ஆப்பையும் முழுசா நம்பாதீங்க. சந்து குறுகலா ரெண்டு பக்கமும் மாடியா இருக்கும்போது சிக்னல் சுவத்துல பட்டுத் திரும்பி வரும், புள்ளி அடுத்த தெருவுல போயி நிக்கும். திருவிழா நேரத்துல போலீஸ் அடைக்கிற ரோடும் மேப்புக்கு ஒடனே தெரியாது, சித்திரை வீதியில வண்டியே விடமாட்டாங்க. எல்1, எல்5னு ரெண்டு அலைவரிசையும் பிடிக்கிற போனா யூனிட்டா இருந்தா இந்தத் தடுமாட்டம் நல்லாவே குறையும், வாங்கும்போது ஸ்பெக் ஷீட்ல அதைத் தேடிப் பாருங்க. ஜிபிஎஸ் மாதிரியே நம்ம இஸ்ரோ விட்ட நாவிக் சாட்டிலைட் சிக்னலும் எல்5ல வருது.

இன்னொரு சோதனை நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம். 2023ல தெறந்தது, தல்லாகுளத்துல ஏறுனா ஊமச்சிகுளம் பக்கம் எறக்கி விடும், 7 கிலோமீட்டருக்கு மேல. பாலத்துக்கு நேர் கீழ பழைய ரோடு. நீங்க மேல போறீங்களா கீழ போறீங்களான்னு கண்டுபிடிக்க பாதி ஆப்பு திணறும், உயரத்தைக் கணக்குப் போடுறதுலதான் ஜிபிஎஸ் வீக்கு. ரிசர்வ் லைன் பக்கம் போகணும்னா ஏறுறதுக்கு முன்னாடியே போர்டைப் பாத்து முடிவு பண்ணிக்கங்க.

நெட்டு இல்லாத எடத்துக்கு கூகுள்ல ஆஃப்லைன் மேப்பு எறக்கலாம், இல்லைன்னா ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட்னு ரெண்டு ஆப்பு இருக்கு, ரெண்டும் மக்களே சேந்து வரையுற ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ஓடுது, தமிழ்நாடு முழுக்க எறக்கி வச்சுக்கலாம். எறக்கிட்டு வீட்டுலயே ஏரோப்ளேன் மோடு போட்டு ஒரு ரூட்டு கேட்டுப் பாருங்க, வருதுன்னா சரி. பெரியகுளத்துல இருந்து அடுக்கம் வழியா கொடைக்கானல் போறது தூரம் கம்மின்னு ஆப்பு அந்தப் பக்கம் தள்ளிவிடும், அது ரொம்பக் குறுகலான ரோடு, புதுசா மலை ஏறுறவங்க வத்தலக்குண்டு வழியாவே போங்க.

ஸ்டெப் 4: வெயிலும் மழையும்

நம்ம ஊரு வெயிலுக்கு இதுதான் முக்கியமான ஸ்டெப்பு. கடைக்குள்ள ஏசியில பளபளன்னு தெரியுற திரை மேலவெளி வீதியில மத்தியானம் 12 மணிக்கு தெரியணும்னு இல்ல. வெளிய கொண்டு வந்து பாக்க விடச் சொல்லுங்க. ஆயிரம் நிட்ஸ் பக்கம் வெளிச்சம் இருந்தா பரவால்ல. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுறவங்க அதைப் போட்டுக்கிட்டே பாருங்க, சில திரை அதுல கறுப்பாத் தெரியும்.

சூட்டுல போனுக்கு என்ன ஆகும்னா, ஐபோனுக்கு ஆப்பிளே 35 டிகிரி வரைக்குந்தான் சொல்லியிருக்கு. மே மாசம் நம்ம ஊருல 40 சாதாரணம். அதுல சார்ஜ் போட்டு, வெளிச்சத்தையும் கூட்டி, வாட்டர்ப்ரூஃப் பவுச்சுக்குள்ள மூடியும் வச்சா போன் அணைஞ்சுதான் போகும். பவுச்சு மழைக்கு மட்டும் போதும். தனி யூனிட்டோ ஸ்கிரீனோ வாங்குனா ஐபி67 இருக்கான்னு பாருங்க, தூசி உள்ள போகாது, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்.

ஸ்டெப் 5: ஹோல்டர், அதிர்வு

பைக் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கும், 2021ல ஆப்பிளே இதை எச்சரிக்கையா போட்டாங்க. கேமராவுக்குள்ள படம் ஆடாம இருக்க ஒரு குட்டி மோட்டார் மாதிரி அமைப்பு இருக்கு, அதுதான் அடி வாங்கும். ஒத்த சிலிண்டர் புல்லட் ஓட்டுறவங்க கண்டிப்பா அதிர்வை உள்வாங்குற டேம்பர் வச்ச ஹோல்டரே வாங்குங்க, இல்லைன்னா வீட்டுல கெடக்குற பழைய போனை இதுக்குன்னு ஒதுக்கிருங்க. ஹேண்டில்பார் பைப்பு அளவு பாத்து வாங்கணும், நெறைய வண்டிக்கு 22 எம்எம்.

ஸ்டெப் 6: கரண்ட்டு

இக்னீஷன் சாவி போட்டா மட்டும் ஓடுற மாதிரி சார்ஜரை ஒயரிங் பண்ணச் சொல்லுங்க, நடுவுல ஃபியூஸ் கட்டாயம். ஸ்ப்ளெண்டர் பேட்டரி 12 வோல்ட் 3 ஏஎச்தான் (அதாவது மொத்தமே 36 வாட்-மணி), 10 வாட் சார்ஜர் நேரா பேட்டரியில மாட்டி மறந்துட்டீங்கன்னா நாலு மணி நேரத்துக்குள்ள காலி. ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி எடுத்து மாட்டித் தர்றேன்னு சொன்னா வேணாம்னுருங்க.

ஸ்டெப் 7: காதுல கேளுங்க

திரையைப் பாக்குற நேரம் எம்புட்டு கம்மியோ அம்புட்டு நல்லது. 60 கிலோமீட்டர் வேகத்துல ரெண்டு செகண்டு கீழ பாத்தா 33 மீட்டர் ரோட்டைப் பாக்காமப் போறீங்க. ஹெல்மெட்ல மாட்டுற ப்ளூடூத் வாங்கி, ஹாரன் கேக்குற அளவுக்கு சத்தத்தைக் குறைச்சு வச்சு, வழியைக் காதுல வாங்குங்க. சட்டமும் இதைத்தான் சொல்லுது, 2020 அக்டோபர் 1ல இருந்து வழி பாக்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாம. எடத்தை டைப் பண்றதெல்லாம் வண்டியை நிறுத்திட்டுத்தான்.

ஸ்டெப் 8: வாங்குன வாரமே ஓட்டிப் பாருங்க

தெரிஞ்ச ரோட்டுல டெஸ்ட் பண்ணுங்க. மாட்டுத்தாவணியில இருந்து ஒத்தக்கடை, அங்கிருந்து சுத்தி அழகர்கோவில், திரும்பும்போது ஊருக்குள்ள வந்து ஒரு சந்து. வேணும்னே ஒரு திருப்பத்தை விட்டுட்டுப் போங்க, புது வழி எம்புட்டு நேரத்துல சொல்லுதுன்னு கவனிங்க. கிளவுஸ் போட்டுத் தொட்டுப் பாருங்க, ஒரு தடவை ராத்திரியும் ஓட்டுங்க, திரை வெளிச்சம் தானா குறையலைன்னா எதிர்ல வர்ற லாரி லைட்டோட சேந்து கண்ணு கூசும். இதுல ஒண்ணு சரியில்லைன்னாலும் ரிட்டர்ன் டைம் முடியிறதுக்குள்ள குடுத்துருங்க, அதுவரைக்கும் டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போடாதீங்க.