லெய்ஷ்மேனியாசிஸ் வந்த நாயைப் பார்த்துக்கொள்வது எப்படி?

லெய்ஷ்மேனியாசிஸ் என்பது மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோய். அந்தப் பெயரைச் சொன்னதும் நாயை வளர்ப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டாக்டர், குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?" தடவிக்கொடுப்பதால் ஒட்டாது. பொதுவாக நடுவில் மணல் ஈ கடித்தாக வேண்டும். அதனால் நாயை விரட்டாதீர்கள், ஈயை விரட்டுங்கள்.

கண்ணைச் சுற்றி முடி உதிர்கிறதா, நகம் நீண்டு வளைகிறதா, இளைக்கிறதா? ரத்தப் பரிசோதனையோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் நாயைச் சாய்ப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான்.

சிகிச்சைக்கு, ஒட்டுண்ணியைக் கொல்லும் மில்டிஃபோசின் மருந்து 28 நாள், தினமும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி அதிகமாகும். கையுறை போடுங்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். கூடவே ஒட்டுண்ணியைப் பெருகவிடாத அலோப்யூரினால், மாதக்கணக்கில். நாய் தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் என் தலைவலி. ஒட்டுண்ணி பெரும்பாலும் முழுசாகப் போவதில்லை, பதுங்கியிருக்கும். ஆனால் அலோப்யூரினால் சிறுநீர்ப் பாதையில் சாந்தைன் என்ற கழிவுப்பொருளால் ஆன கல்லை உண்டாக்கலாம். ஈரல் போன்ற, பியூரின் (உடலில் சாந்தைனாக மாறும் பொருள்) மிகுந்த உணவைக் குறையுங்கள், தண்ணீர் நிறைய வையுங்கள், சிறுநீரை அவ்வப்போது சோதியுங்கள்.

சரி, ஈக்கு வருவோம். 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சத்தமில்லாமல் வரும், சாதாரணக் கொசுவலையில் புகுந்துவிடும். அந்தி முதல் விடியும்வரை நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கழுத்துப்பட்டை நன்றாக வேலை செய்யும்; பூனைக்கு மட்டும் போடாதீர்கள், விஷம்.

அப்புறம், இதே நோய்க்கு மனிதர்களுக்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின் மருந்தை நாய்க்குக் கேட்காதீர்கள். ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிட்டால் மனிதர்களுக்குத்தான் ஆபத்து. இருப்பதே நாலைந்து மருந்து. மில்டிஃபோசின்கூட முதலில் புற்றுநோய்க்காக உருவானதுதான். எல்எக்ஸ்இ408 என்ற புதிய வாய்வழி மருந்தை மனிதர்களிடம் சோதித்து வருகிறார்கள்.