பழைய ஸ்பிரிங்ஃபீல்டு வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள்

அமெரிக்க ராணுவத்தின் பழைய, கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிக் குண்டேற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்கள் ஆசையாகத் தேடுவது 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு. விலை பேசும் முன் ரிசீவர் (குழலின் பின்முனை பொருந்தும் எஃகு உடல்) மேலுள்ள வரிசை எண்ணைப் படியுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தது என்றால் 8,00,000க்குக் கீழே, ராக் ஐலண்டு ஆலையில் செய்தது என்றால் 2,85,507க்குக் கீழே இருந்தால், தயவுசெய்து அதைச் சுடாதீர்கள். அலமாரியில் வைத்து ரசிக்கலாம்.

காரணம் இதுதான்: அன்று ரிசீவர் செய்ய உலையில் காய்ந்த எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் நிறம் மங்கித் தெரியும், சூடு கூடிவிடும். அப்படிக் காய்ந்த எஃகு சட்டென நொறுங்கும். 1918வாக்கில்தான் முறையை மாற்றினார்கள்.

அப்புறம், குழலின் மேல் முன்குறிக்கு (குறிபார்க்க முன்முனையில் இருக்கும் முனைப்பு) சற்றுப் பின்னால் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். '9-18' என்றால் 1918 செப்டம்பர். ரிசீவரைவிடக் குழல் ரொம்பப் புதிதாக இருந்தால் கழித்துவிட வேண்டாம், ராணுவமே மாற்றியிருக்கலாம். ஆனால் புதுக் குழல் பழைய ரிசீவரைப் பலப்படுத்தாது.

மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. இடப்பக்கம் இருக்கும் ஆய்வாளர் முத்திரை அழிந்தால் சேகரிப்பாளரிடம் மதிப்பு பாதியாகச் சரியும். மெல்லிய துணியில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும்.