சிலுவைப் போர் வீரர்களுக்கு வந்த மர்ம நோய் என்னன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

பழைய குறிப்புல நோய்க்கு என்ன பேரு போட்டிருக்குன்னு முதல்ல பாக்காதீங்க, கொள்ளை நோய்னு அந்தக் காலத்துல எதை வேணா சொல்லுவாங்க. உடம்புல என்ன தெரிஞ்சுது, என்ன சாப்பிட்டாங்க, எத்தனை நாள் ஆச்சு, இந்த மூணையும் தனியா எழுதிக்கோங்க.

பழகிப் பாக்க நல்ல கேஸ் 1250, எகிப்துல மன்சூரா. பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி கூட போன ஜுவான்வில் கண்ணால பாத்ததை எழுதி வெச்சிருக்காரு, காலு சதை வத்திப் போச்சு, தோல்ல பழைய பூட்ஸ் மாதிரி கறுப்பும் மண் கலருமா புள்ளி, ஈறு அழுகிப் போய் மெல்லவே முடியல, நாவிதருங்க அந்தச் சதைய வெட்டி எடுக்கிறப்போ பிரசவ வலில துடிக்கிற மாதிரி கேம்ப் பூரா அலறல்னு. படிக்கிறப்பவே மனசு தாங்கல. கிறிஸ்தவங்க தவக்கால நோன்புல ஆத்து மீன் மட்டும் தின்னோம், அந்த மீனு பொணத்த தின்னுச்சு, அதான் நோய்னு அவரு நெனச்சாரு. அந்தக் காரணத்த விட்டுடுங்க, சாப்பாட்ட மட்டும் பிடிச்சுக்கோங்க. வைட்டமின் சி இல்லாம ரெண்டு மூணு மாசம் போனா உடம்புத் திசுவ இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன்ங்கிற புரதம் சரியா உருவாகாது, ஈறும் சின்ன ரத்தக் குழாயும் தாங்காது, அதுதான் ஸ்கர்வி.

ஆனா ஒரே நோய்ல எல்லாத்தையும் அடைக்காதீங்க ப்ளீஸ். அதே லூயிக்கு சீதபேதியும் இருந்துச்சு, அடிக்கடி போக வேண்டியிருந்ததால கால்சட்டையோட அடிப்பக்கத்தையே வெட்டி விட்டாங்களாம். எழுத்த தாண்டி மண்ணுலயும் ஆதாரம் தேடுங்க, சிலுவைப் போர் வீரர்கள் கையில இருந்த ஆக்ரே நகரத்து (இன்னிக்கு இஸ்ரேல்ல இருக்கு) 13-ம் நூற்றாண்டு கக்கூஸ் மண்ண ஆராய்ச்சி பண்ணி புழு முட்டையும் சீதபேதி உண்டாக்குற அமீபாவோட தடயமும் எடுத்திருக்காங்க.

சிலதுல ஒரு அறிகுறியே பெரிய துப்பு. ஜெருசலேம் ராஜாவான நாலாம் பால்ட்வின் சின்னப் பையனா இருந்தப்போ கூட்டாளிங்க கையில கிள்ளினா வலிக்கவே இல்ல, அவரோட வாத்தியார், டயர் நகரத்து வில்லியம், அத கவனிச்சாரு, அது தொழுநோய்னு பின்னாடி தெளிவாச்சு.

கஷ்டமானது 1191-ல ஆக்ரேல இங்கிலாந்து ராஜா ரிச்சர்டுக்கு வந்த, பழைய குறிப்புல அர்னால்டியான்னு பேரு போட்டிருக்கிற நோய். காய்ச்சல், முடி கொட்டுச்சு, நகம் கழண்டுச்சு. ஸ்கர்வின்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது ஒட்டல, ஏன்னா அவரு வந்து எறங்கின கொஞ்ச நாள்லயே படுத்துட்டாரு. கடும் காய்ச்சலால முடி கொட்டும்தான், ஆனா அதுக்கும் வழக்கமா ரெண்டு மூணு மாசம் ஆகும். நாள் கணக்கு இடிக்குதுன்னா பேரு எழுதாதீங்க, கேள்விக்குறி போட்டு அப்படியே வைங்க.