ஃபவுண்டரியில் கார்பன் உமிழ்வைக் குறைப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

கோவை வட்டாரத்தில் பம்பு, மோட்டார், வால்வு, வாகன உதிரிபாகங்களுக்கு வார்ப்படம் ஊற்றித் தரும் ஃபவுண்டரிகளைப் பெரிய வாடிக்கையாளர்கள் இப்போது விலையோடு இன்னொரு எண்ணையும் கேட்கிறார்கள். ஒரு டன் காஸ்டிங்குக்கு (வார்ப்படத்துக்கு) எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு? பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை கார்பன் கட்டணம் இரும்பு, எஃகு, அலுமினியம் உள்ளிட்ட பொருள்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடப்புக்கு வந்திருக்கிறது. உங்கள் பொருளின் எச்.எஸ். எண் (சுங்க வகைப்பாட்டு எண்) அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், வாங்குபவர் கேட்டால் பதில் வேண்டும்.

கேள்வி வந்தவுடன் பலர் சோலார் கம்பெனிக்குத்தான் முதலில் போன் செய்கிறார்கள். அது பின்னால் செய்ய வேண்டிய வேலை. வீணாகும் கரண்ட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு சோலார் போட்டால், அந்த வீணுக்கும் சேர்த்தே முதலீடு செய்கிறீர்கள். முதலில் அளவு, அடுத்து ஃபர்னஸ் (உலை), பிறகு ரிஜக்ஷன் (குறையால் கழிக்கப்படும் காஸ்டிங்), கம்ப்ரசர் காற்று, அதன்பின் கூரை சோலார். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கீழே உள்ள கணக்குகளுக்கு ஒரு மாதிரி ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வோம். இண்டக்ஷன் ஃபர்னஸில் (மின்காந்தத்தால் உருக்கும் உலை) மாதம் 300 டன் உருக்குகிறது. 180 டன் நல்ல காஸ்டிங் வெளியே போகிறது. மாத மின்சாரம் 2,50,000 யூனிட்.

படி 1: பில்லிலிருந்து கணக்கு

கடந்த 12 மாத இபி பில், டீசல் பில், கேஸ் பில், ஏசி சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். உலகம் முழுக்கப் பயன்படும் முறையில் உமிழ்வு மூன்று வட்டங்களாகப் பிரிகிறது. உங்கள் வளாகத்துக்குள் நேரடியாக எரிவதும் கசிவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் மூலப்பொருள், லாரி போக்குவரத்து, கழிவு போன்றவை ஸ்கோப் 3.

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் காரணியைப் பயன்படுத்துங்கள். அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ. கணக்குத் தாளில் எந்த ஆண்டின் பதிப்பு என்பதையும் எழுதிவையுங்கள். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, எல்பிஜி கிலோவுக்கு சுமார் 3 கிலோ.

மாதிரி ஃபவுண்டரியில் மின்சாரத்தின் உமிழ்வு 180 டன். ஜெனரேட்டரும் ஃபோர்க்லிஃப்ட்டும் குடிக்கும் 1,500 லிட்டர் டீசல் 4 டன். லேடில் (உருகிய இரும்பை எடுத்து ஊற்றும் கலம்) சூடேற்றும் 800 கிலோ எல்பிஜி 2.4 டன். ஆக, மாதம் சுமார் 186 டன். ஒரு டன் நல்ல காஸ்டிங்குக்கு 1.03 டன். இதில் 96 சதவீதத்துக்கு மேல் மின்சாரம்தான். எங்கே கை வைக்க வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் வழக்கமாக விடுபடுவது ஏசி கேஸ். ஃபர்னஸ் பேனல் ரூமுக்கு இரவும் பகலும் ஓடும் ஏசியில் கசிவு இருக்கும். மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போவார். ஆர்-22 ஒரு கிலோ கசிந்தால் 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். வருடத்தில் 10 கிலோ ஏற்றியிருந்தால் 18 டன். மாதிரி ஃபவுண்டரியின் நான்கு மாத டீசலைவிட அதிகம். சர்வீஸ் பில்லில் "கேஸ் சார்ஜிங்" என்று மட்டும் எழுதாமல் எந்த கேஸ், எத்தனை கிலோ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காஸ்டிங்கில் உட்குழிவை உருவாக்கும் சோடியம் சிலிகேட் மணல் கோர்களைக் கெட்டிப்படுத்தும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்களையும் எடைபோட்டுச் சேருங்கள்.

எப்போதும் நல்ல காஸ்டிங் டன்னால்தான் வகுக்க வேண்டும். உருக்கிய டன்னால் வகுத்தால் எண் அழகாகத் தெரியும், ரிஜக்ஷன் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

படி 2: மீட்டர்

இபி மீட்டர் மொத்தத்தை மட்டும் சொல்லும். ஃபர்னஸ், கம்ப்ரசர், சாண்ட் பிளான்ட் (மோல்டு, அதாவது அச்சு, செய்ய மணல் தயாரிக்கும் பகுதி), டஸ்ட் கலெக்டர், ஷாட் பிளாஸ்ட் (இரும்புக் குண்டுகளை வீசி மணலை அகற்றும் மெஷின்) ஆகிய ஐந்துக்கும் தனித்தனி எனர்ஜி மீட்டர் வையுங்கள்.

ஃபர்னஸ் பேனலில் ஏற்கெனவே ஒரு யூனிட் டிஸ்பிளே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல பேனல்களில் அது இன்வர்ட்டர் பக்கத்தில் அளக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், கன்வர்ட்டர் இழப்பும், ஃபர்னஸைச் சுற்றியுள்ள செம்புக் காயிலைக் குளிர்விக்கும் பம்பின் கரண்ட்டும் அதில் வராது. டிரான்ஸ்ஃபார்மரின் உள்வரும் பக்கத்தில் வைத்த மீட்டர்தான் உண்மையைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் குறித்து வந்தாலே, இழப்பு எப்போது ஏறுகிறது என்று தெரியும்.

படி 3: ஃபர்னஸ்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இரும்பை 1,500 டிகிரிக்கு உருக்கக் கொள்கையளவில் டன்னுக்கு 390 யூனிட் அளவில் போதும். நன்றாக நடக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ் 550 முதல் 600 வரை எடுக்கும். 650, 700 என்று ஓடினால் காரணத்தைத் தேட வேண்டும். மாதிரி ஃபவுண்டரி 650-லிருந்து 580-க்கு வந்தால் மாதம் 21,000 யூனிட், அதாவது 15 டன் கார்பன் மிச்சம்.

ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒருமுறை உருக்கி எடுப்பது ஒரு ஹீட்) ஒரு ஷீட் போடுங்கள். பவர் ஆன் நேரம், டேப் நேரம் (உருகியதை வெளியே ஊற்றும் நேரம்), தொடக்க யூனிட், முடிவு யூனிட், சார்ஜ் எடை (உள்ளே போடும் பொருளின் எடை), டேப்பிங் வெப்பநிலை, காத்திருந்த நிமிடம், காத்திருந்ததற்குக் காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தை மெல்ட்டர் கையாலேயே நிரப்ப வேண்டும். "மோல்டு ரெடி இல்லை", "ஸ்பெக்ட்ரோ ரிசல்ட் வரவில்லை" (உலோகக் கலவைச் சோதனை), "கிரேன் பிசி" – இவைதான் அதில் திரும்பத் திரும்ப வரும். உருகிய இரும்பைச் சும்மா வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் யூனிட் ஓடுகிறது. ஒரே வாரத்து ஷீட்டை அடுக்கிப் பார்த்தால், ஃபர்னஸைக் குறைசொல்வதற்கு முன் மோல்டிங் லைனின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

அடுத்தது மூடி. 1,500 டிகிரியில் திறந்திருக்கும் இரும்பின் பரப்பு, சதுர மீட்டருக்கு 150 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே கொட்டுகிறது. மேலே ஸ்லாக் (உருகிய கசடு) படர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். மூடி இருந்தும் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. மூடியைத் தூக்கி வைக்கும் ஏற்பாடு சரியில்லை, சார்ஜ் போட ஒவ்வொரு முறையும் கஷ்டம். ஹைட்ராலிக் அல்லது ஸ்விங் மூடி பொருத்திக் கொடுத்தால் ஆட்கள் தாமாகவே மூடுவார்கள்.

பிறகு ரிட்டர்ன்ஸில் (திரும்ப உருகப் போகும் இரும்பில்) ஒட்டியிருக்கும் மணல். மாதிரி ஃபவுண்டரியில் மாதம் 120 டன் ரன்னர் (மோல்டுக்குள் இரும்பு ஓடும் வாய்க்கால்), ரைசர் (சுருக்கத்தை ஈடுகட்டும் கூடுதல் இரும்பு), ரிஜக்ஷன் திரும்ப உருகப் போகிறது. அதில் 3 சதவீதம் மணல் என்றால் 3.6 டன் மணலைக் காசு கொடுத்துச் சூடேற்றி ஸ்லாக் ஆக்குகிறீர்கள். அந்த ஸ்லாக் ஃபர்னஸின் உட்பூச்சான லைனிங்கையும் அரிக்கிறது, அதை வாரும்போது மூடியும் திறந்திருக்கிறது. ரிட்டர்ன்ஸை ஷாட் பிளாஸ்ட்டில் ஒருமுறை சுற்றிவிட்டு சார்ஜ் செய்யுங்கள். துருப்பிடித்த ஸ்கிராப்புக்கும் இதே கதைதான். மழையில் நனையாத இடத்தில் குவியுங்கள். ஈர ஸ்கிராப் உருகிய இரும்பில் விழுந்தால் வெடிக்கும் என்பது தனி அபாயம்.

டேப்பிங் வெப்பநிலையைப் "பாதுகாப்புக்கு" 50 டிகிரி ஏற்றிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது டன்னுக்கு 15 யூனிட்டுக்கு மேல் தின்னும். லேடில் நன்றாகச் சூடாகாமல் இருப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். லேடிலைச் சரியாகச் சூடாக்குங்கள், மூடி போடுங்கள், டேப்பிங் வெப்பநிலையை 10 டிகிரி 10 டிகிரியாக இறக்கி, காஸ்டிங்கில் கோல்ட் ஷட் (சீக்கிரம் குளிர்ந்து ஒட்டாமல் போகும் குறை) வருகிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் 50 டிகிரி இறக்கினால் மெல்லிய பகுதிகள் நிரம்பாமல் ரிஜக்ஷன் ஏறி, மிச்சப்படுத்தியதைவிட அதிகம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. லைனிங்கை மெல்லியதாக வைத்தால் காயில் இரும்புக்கு நெருக்கமாகி உருக்கும் வேகம் கூடும் என்பது உண்மை. அதற்காக ஃபர்னஸ் தயாரிப்பாளர் சொன்ன கனத்துக்குக் கீழே போகாதீர்கள். லைனிங் உடைந்து உருகிய இரும்பு காயிலின் தண்ணீரைத் தொட்டால் உயிர்ப்பலி ஆகும். எந்த கார்பன் இலக்கும் அதற்கு ஈடாகாது.

படி 4: ரிஜக்ஷன்

180 டன் நல்ல காஸ்டிங் வேண்டும், ரிஜக்ஷன் 8 சதவீதம் என்றால் 195.7 டன் ஊற்ற வேண்டும். 4 சதவீதமாகக் குறைந்தால் 187.5 டன் போதும். ரன்னர், ரைசரையும் சேர்த்தால் மாதம் 12.5 டன் குறைவாக உருக்கலாம். ஃபர்னஸில் மட்டும் 8,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மணல், கோர், ஷாட் பிளாஸ்ட், ஆள் நேரம் தனி. காஸ்டிங் வாடிக்கையாளரின் மெஷின் ஷாப் வரை போய்த் திரும்பினால் லாரியின் டீசலும் அதோடு சேரும்.

எல்லாக் குறையையும் ஒரே நேரத்தில் துரத்தாதீர்கள். மூன்று மாத ரிஜக்ஷனை ப்ளோ ஹோல் (வாயுத் துளை), மணல் சேர்தல், சுருக்கக் குழி, கோல்ட் ஷட் என்று பிரியுங்கள். எந்த ஒரு பாகமும் எந்த ஒரு குறையும் அதிக எடையைத் தின்கின்றனவோ, அதை மட்டும் எடுங்கள். ரைசர் அளவைக் கணினி சிமுலேஷனில் பார்த்துக் குறைத்தால் ஈல்டும் (உருக்கியதில் நல்ல காஸ்டிங்கின் பங்கு) கூடும்.

படி 5: காற்றுக் கசிவு

டீ இடைவேளையிலோ ஞாயிற்றுக்கிழமையோ, காற்று பயன்படுத்தும் எல்லா மெஷினையும் நிறுத்துங்கள், ஆனால் வால்வுகளை மூடாதீர்கள். ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, லோடில் (காற்றை அழுத்தியபடி) எவ்வளவு நேரம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) எவ்வளவு நேரம் என்று ஐந்தாறு சுற்றுக்கு ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம்.

300 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கம்ப்ரசர் ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் அன்லோடு என்றால் 25 சதவீதம், அதாவது 75 சிஎஃப்எம் கசிகிறது. 100 சிஎஃப்எம்முக்கு 18 கிலோவாட் என்று வைத்தால் 13.5 கிலோவாட். ஆண்டுக்கு 4,800 மணி நேரம் ஓடினால் 64,800 யூனிட், 46 டன்னுக்கு மேல் கார்பன். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) உள்ள கம்ப்ரசரில் இந்தச் சோதனை பலிக்காது. அது வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ஃப்ளோ மீட்டர் வேண்டும்.

கசிவு இருக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: மோல்டிங் மெஷின் ஹோஸ், க்விக் கப்ளர், ஃபில்டர் கிண்ணம், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஆட்டோ டிரெயின். சோப்புத் தண்ணீர் போதும். கசிவு அடைத்தபின் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6-க்கு மெல்ல இறக்குங்கள். ஒரு பாருக்கு 6 முதல் 7 சதவீத மின்சாரம் குறையும். அடைக்காமல் இறக்கினால் கடைசி மெஷினில் அழுத்தம் பற்றாமல் மோல்டு தளர்ந்து, ரிஜக்ஷனாகத் திரும்பி வரும்.

டஸ்ட் கலெக்டர் ஃபேனுக்கு விஎஃப்டி நல்ல முதலீடு. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். ஆனால் குழாயில் தூசி படியாத அளவுக்கு வேகம் இருக்க வேண்டும்.

படி 6: இப்போது சோலார், காற்றாலை

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் தரும். 500 கிலோவாட் போட்டால் மாதம் சராசரி 58,000 யூனிட், சுமார் 42 டன். ஃபவுண்டரிக் கூரையில் இரண்டு சிக்கல். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பேனல் எடையைத் தாங்காது. கூரையைத் தாங்கும் சட்டத்தை (டிரஸ்) ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் பார்க்க வேண்டும். மணல் தூசியும் இரும்புத் தூளும் பேனலில் படிந்தால் உற்பத்தி விழும். ஸ்டாக் (புகைபோக்கி) பக்கம் போடாமல், கழுவத் தண்ணீர்க் குழாயும் நடைபாதையும் வைத்து டிசைன் செய்யுங்கள்.

ஃபர்னஸ் இரவில் ஓடினால் கூரை மட்டும் போதாது. குரூப் கேப்டிவ் காற்றாலையில் (பலர் பங்கு போட்டுத் தாங்களே மின்சாரத்தைப் பயன்படுத்துவது) சேரலாம். பயன்படுத்துவோர் கூட்டாக 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். ஆண்டு முடிவில் இது தவறினால் கேப்டிவ் தகுதி போய், கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் தலையில் விழும். காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த மின்சாரத்தின் பசுமைச் சான்றிதழை உற்பத்தியாளர் வேறொருவருக்கு விற்றிருந்தால், உங்கள் கணக்கில் அதைப் பூஜ்ஜியம் என்று காட்ட முடியாது. ஒப்பந்தத்தில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

படி 7: பிக் அயர்ன்

இரும்புத் தாதுவிலிருந்து பிளாஸ்ட் ஃபர்னஸில் எடுக்கும் பிக் அயர்ன் ஒரு டன்னுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடோடு உங்கள் கேட்டுக்குள் வருகிறது. சார்ஜில் 10 சதவீதம் என்றால் மாதம் 30 டன் பிக் அயர்ன், 60 டன் உமிழ்வு. ஸ்டீல் ஸ்கிராப்பும் கார்பரைசரும் (கார்பன் சேர்க்கும் பொருள்) வைத்து இதைக் குறைக்கலாம். ஆனால் ஃபெர்ரோசிலிக்கான் (சிலிக்கான் சேர்க்கும் கலவை) கூடுதலாக வேண்டும். அதைத் தயாரிக்கவும் நிறைய மின்சாரம் போகிறது, அதையும் கணக்கில் சேருங்கள். கிரே அயர்னில் "சில்" (வேகமாகக் குளிர்ந்து கடினமாகும் பகுதி) வரும் வாய்ப்பு கூடும், அதைத் தடுக்கும் சேர்மானமான இனாகுலேஷனைப் பலப்படுத்த வேண்டும். டக்டைல் அயர்னில் ஸ்கிராப்பின் மாங்கனீசு தொல்லை தரும். 2 சதவீதப் புள்ளிகளாக மட்டும் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெட்ஜ் டெஸ்ட்டும் ("சில்" அளவைக் காட்டுவது) டென்சைல் டெஸ்ட்டும் (இழுவலிமையைக் காட்டுவது) பாருங்கள்.

படி 8: வெயிலும் வெள்ளமும்

உமிழ்வைக் குறைப்பது பாதி வேலை. மாறிவிட்ட வானிலையில் ஃபவுண்டரி ஓட வேண்டும். ஏப்ரல், மே மதியங்களில் ஈரப்பதம் ஏறினால் கூலிங் டவர் தண்ணீர் குளிராது, காயில் வெப்பநிலை அலாரம் அடித்து ஃபர்னஸ் டிரிப் ஆகும். கோடைக்கு முன் டவரின் ஃபில்லையும் (தண்ணீர் பரவும் அடுக்கு) நாசிலையும் சுத்தம் செய்யுங்கள். மெல்ட்டிங் ஆட்களுக்கு வெட் பல்ப் வெப்பக் குறியீட்டைப் பார்த்து ஓய்வு நேரம் வையுங்கள். மதிய ஹீட்களை அதிகாலைக்கு மாற்றுங்கள்.

தாழ்வான தொழிற்பேட்டைகளில் ஃபர்னஸ் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தொழிற்பேட்டைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. குழியில் தண்ணீர் நிற்கும்போது ரன்-அவுட் ஆனால் (லைனிங் உடைந்து இரும்பு வெளியேறினால்) நீராவி வெடிப்பு நிச்சயம். மட்ட சென்சாரோடு ஒரு சம்ப் பம்ப், அதற்கு ஜெனரேட்டர் லைன், குழியில் ஓர் அங்குலம் தண்ணீர் இருந்தாலும் பவர் ஆன் ஆகாத இன்டர்லாக் – மழைக்காலத்துக்கு முன் இந்த மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

படி 9: இலக்கும் கோப்பும்

உற்பத்தி வழக்கமாக இருந்த ஒரு நிதியாண்டை அடிப்படை ஆண்டாக எடுங்கள். ஆர்டர் இல்லாத ஆண்டை எடுத்தால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது. மொத்த டன், ஒரு டன் காஸ்டிங்குக்கு எத்தனை கிலோ என்ற இரண்டு இலக்குகளும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் உற்பத்தி ஏற்ற இறக்கம் கணக்கைக் குழப்பும். ஆண்டுக்கு 4.2 சதவீதம் என்ற நேர்கோட்டு வீதம் பன்னாட்டு நிறுவனங்கள் பலவும் எதிர்பார்ப்பது. மாதிரி ஃபவுண்டரிக்கு அது ஆண்டுக்கு 94 டன். ஃபர்னஸ் வேலை ஒன்றே முதல் ஆண்டில் இதைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பில், மீட்டர் படம், காரணியின் பதிப்பு எண் மூன்றையும் மாத வாரியாக ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது டீசல் பில்லுக்கும் ஜெனரேட்டர் லாக் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. மாதம் முடிந்த கையோடு அந்த இரண்டையும் ஸ்டோர்ஸ்காரரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து ஒத்துப்பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.