கிரிக்கில் சில ஆண்டுகள்: பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இடறும் இடங்கள்

லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் நூலகத்துக்குப் பின்னால் நிற்கிறது பிரான்சிஸ் கிரிக் ஆராய்ச்சி நிறுவனம். 2016இல் திறந்த கட்டடம். மருத்துவ ஆராய்ச்சி மன்றம், கேன்சர் ரிசர்ச் யூகே, வெல்கம் அறக்கட்டளை ஆகியவற்றோடு யூசிஎல், இம்பீரியல், கிங்ஸ் என்ற மூன்று லண்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்கியது. அந்தக் கூட்டின் பலனாக, இந்த மூன்று இடங்களின் விஞ்ஞானிகள் தங்கள் வேலையை விடாமலேயே குறிப்பிட்ட காலம் கிரிக்கில் போய் ஆய்வு செய்யலாம். குழுவோடு இடம் மாறுவதும் உண்டு. லேபின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்திலேயே இருக்க, சிறு பகுதி மட்டும் கிரிக்கில் இயங்குவதும் உண்டு. அதற்குச் சாட்டிலைட் குழு என்று பெயர்.

சம்பளம் ஒரு வீட்டில், சமையல் இன்னொரு வீட்டில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கும் விருந்து பலமாகத்தான் இருக்கும், ஆனால் பீரோ சாவி கைக்கு வராது. எந்தச் சாவி யாரிடம் என்று போகுமுன் கேட்காததுதான் இங்கே நடக்கிற பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதல் தவறு விண்ணப்பத்திலேயே நடக்கிறது: கருவியைக் காரணமாகக் காட்டுவது. கிரிக்கில் உறையவைத்த மாதிரிகளைப் பார்க்கும் க்ரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி உண்டு, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி உண்டு, மரபணு வரிசையாக்கம் உண்டு. பக்கத்திலேயே ரயில் ஓடும் இடம் என்பதால், அதிர்வு தாக்காதபடி யோசித்துக் கட்டிய கட்டடம் அது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தரைக்குக் கீழே இருக்கிறது. ஆசை வருவது இயல்புதான். ஆனால் “இந்த மைக்ராஸ்கோப் எனக்கு வேண்டும்” என்று எழுதினால், படிப்பவர் மனதில் உடனே எழும் கேள்வி, “சாம்பிளை அனுப்பிவைத்தால் போதாதா? ஆளே வந்து உட்கார வேண்டுமா?” என்பதுதான். அதற்கு விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும். கிரிக்கில் துறை என்கிற பிரிவே கிடையாது. காசநோயை ஆராய்பவருக்குப் பக்கத்தில் ஈயின் கரு வளர்ச்சியைப் படிப்பவர் இருக்கலாம். ஆகவே எந்தத் துறைக்குப் பொருந்துவீர்கள் என்று எழுதுவதில் பயனில்லை. எந்த இரண்டு மூன்று குழுக்களோடு தினமும் பேசினால் உங்கள் கேள்வியே மாறும் என்று எழுதுங்கள். எழுதுமுன் அவர்களிடம் பேசியும் விடுங்கள். விண்ணப்பத்தில் தன் பெயர் இருப்பதே தெரியாத ஒருவரிடம் கருத்துக் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது உரிமங்கள். பலரும் இதைக் கடைசி மாத வேலையாக நினைக்கிறார்கள். என் கணக்கில் இதுதான் முதல் வேலை.

பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு விலங்கு ஆய்வுச் சட்டப்படி உரிமம் மூன்று அடுக்கு: செய்கிற ஆளுக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று, நடக்கிற நிறுவனத்துக்கு ஒன்று. ஆளுக்கான உரிமம் கையில் இருக்கிறது, கிரிக்குக்கும் நிறுவன உரிமம் இருக்கிறது, பிறகென்ன என்று கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் திட்ட உரிமம்தான் காலை வாரும். எந்த இடத்தில் எந்த வேலை என்று அதில் எழுதியிருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் கிரிக்கில் ஒரு ஊசிகூடப் போட முடியாது. முழுமையான புதிய விண்ணப்பத்துக்கு உள்துறை பொதுவாக 40 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் அதற்கு முன்னால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும், அவர்கள் கேள்வி கேட்பார்கள், திருத்த வேண்டும். மாதங்கள் ஓடிவிடும்.

எலிகள் இன்னொரு கதை. பல்கலைக்கழக விலங்குக் கூடத்திலிருந்து கூண்டோடு எடுத்துப்போக முடியும் என்று நம்பி ஆய்வுத் திட்டத்தின் முதல் ஆறு மாதத்தை நிரப்பி வைப்பார்கள். ஆய்வு எலிக் கூடங்கள் நோய்க்கிருமி விஷயத்தில் மடி ஆசாரம் பார்க்கிற வீடு மாதிரி. வரும் எலியின் உடல்நிலைச் சான்று அந்தக் கூடத்தின் தரத்துக்கு ஒத்துவராவிட்டால், கருவை மட்டும் எடுத்துச் சுத்தமான தாய் எலியின் வயிற்றில் வைத்து, அந்த வம்சத்தையே புதிதாகப் பிறக்கவைக்க வேண்டும். பிறகு இனப்பெருக்கம், பிறகு மரபணுச் சோதனை. பரிசோதனைக்குப் போதுமான எலிகள் சேர்வதற்குள் உங்கள் முதல் ஆண்டில் பாதி போயிருக்கும். இதைத் திட்டத்தில் எழுதிவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. எழுதாமல் விட்டால்தான் இடைக்கால மதிப்பாய்வில் தலையைக் குனிய வேண்டிவரும்.

மனிதத் திசுவுக்கும் இதே கதைதான். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஆராய்ச்சிக்காகத் திசுவைச் சேமிக்கிற இடத்துக்கு உரிமம் வேண்டும், இல்லையென்றால் அந்தத் திட்டத்துக்கு உரிய ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளி கையெழுத்திட்ட படிவத்தில் மாதிரி எங்கே போகும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மரபணு மாற்றிய உயிரிகளை வைத்து வேலை செய்பவர்கள், பழைய இடத்தில் வாங்கிய ஒப்புதலைச் சூட்கேஸில் போட்டுக்கொண்டு வர முடியாது. புது இடத்தில் அபாய மதிப்பீடு மறுபடியும் முதலிலிருந்து.

பல்கலைக்கழகப் பக்கம் நடக்கும் தவறு இன்னும் எளிமையானது: துறைத்தலைவரிடம் வாய்வார்த்தையாகப் பேசி முடிப்பது. “போய்ட்டு வாங்க, பாத்துக்கலாம்” என்றவர் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் இருக்கமாட்டார். புதிதாக வந்தவர் கையில் இருப்பது பாட அட்டவணை மட்டும். எத்தனை மணிநேரப் பாடம், யார் எடுப்பார்கள், உங்கள் பழைய லேப் இடம் காத்திருக்குமா, முனைவர் பட்ட மாணவர் எங்கே பதிவு, எல்லாம் எழுத்தில் வேண்டும். பணமும் அப்படித்தான். பிரிட்டனின் அரசு ஆராய்ச்சி நிதியுதவிகள், அதாவது கிராண்ட்கள், பொதுவாக முழுச் செலவில் 80 சதவீதம்தான் தருகின்றன. கிராண்ட் பல்கலைக்கழகத்திடம், வேலை கிரிக்கில் என்றால், எலிக் கூண்டு வாடகை முதல் திரவ நைட்ரஜன் வரை எது யார் கணக்கு? முதல் பில் வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பது நட்புக்கு நல்லதில்லை.

குழுவில், முனைவர் பட்டம் முடித்து விசாவில் வேலை செய்யும் போஸ்ட்டாக் ஆய்வாளர் இருந்தால் (நம்மூர்ப் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்கவும்) வேலை இடம் மாறுவது சின்ன விஷயம் கிடையாது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் ஸ்பான்சர் செய்யும் பல்கலைக்கழகம், வேலை செய்யும் இடம் மாறினால் 10 வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். லேப் தலைவருக்கு இது தோன்றாது. அவர் மனம் எலியில் இருக்கும். நீங்களே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

காப்புரிமை பற்றிக் கொஞ்சம். 1977ஆம் ஆண்டு சட்டப்படி, ஊழியர் தன் வழக்கமான பணியில் கண்டுபிடித்தது முதலாளிக்குச் சொந்தம். உங்கள் முதலாளி பல்கலைக்கழகம், பக்கத்து மேசைக்காரரின் முதலாளி கிரிக். இருவரும் காபி குடித்துக்கொண்டே யோசித்த ஒன்று யாருடையது என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும். அதைப் படித்தவர்கள் குறைவு. வெளியாட்களும் உட்கார்ந்திருக்கும் கருத்தரங்கில் ஸ்லைடு காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்பதும் நடக்காது; பொதுவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்காவில் உள்ள ஓராண்டு அவகாசம் பிரிட்டனில் கிடையாது.

ஆய்வுக் கட்டுரையில் இரண்டு முகவரியும் போட வேண்டும். ஒன்றை விட்டால் விட்ட இடத்திலிருந்து கடிதம் வரும், அவ்வளவுதான்.

சாட்டிலைட் குழு வைத்திருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போஸ்ட்டாக்கை அங்கே உட்காரவைத்துவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் எட்டிப்பார்ப்பது. குழுக்கள் ஒன்றோடொன்று மோதிப் பேசிக்கொள்ளட்டும் என்றே திறந்தவெளியாக அமைத்த கட்டடத்தில், வராத ஆளோடு யார் மோதுவார்கள்? போஸ்ட்டாக்தான் பாவம். அவர் இரண்டு இடத்திலும் விருந்தாளி.

கடைசியில் திரும்பி வருவது. கிளம்பும்போது பெட்டி கட்ட ஆறு மாதம் எடுத்தவர்கள், திரும்பும்போது இரண்டு வாரத்தில் முடிப்பதாக நினைக்கிறார்கள். அங்கே உருவான எலி வம்சங்களின் விந்தணுவை உறையவைத்து எடுத்துவர வேண்டும். பிளாஸ்மிட் எனும் டிஎன்ஏ வளையங்களுக்கும் லேபில் வளர்க்கும் செல் வரிசைகளுக்கும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட வேண்டும், அங்கே செய்தது உங்கள் கையாகவே இருந்தாலும் சரி. நுண்ணோக்கிப் படங்கள் டெராபைட் கணக்கில் இருக்கும். பல்கலைக்கழகத்தில் அதை வைக்க இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அடையாள அட்டை செல்லாமல் போன மறுநாள் மைனஸ் 80 ஃப்ரீசரில் விட்டுவந்த பெட்டி ஞாபகம் வந்தால், வாசலில் நின்று பழைய நண்பருக்குப் போன் போடவேண்டியதுதான். அந்தப் பெட்டியின் மேல் பெயரும் தேதியுமாவது எழுதியிருக்கிறீர்களா?